ஏழாம் எண் பெட்டியில் இருந்த ரப்பர் வளையம்

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் மூன்றையும் உதவி ஆய்வாளர் அம்மா முதல் தாளில் எழுதிக்கொண்டார். எனக்கு வயது நாற்பத்தொன்பது. மேற்படி விலாசத்தில், மருந்துக்கடைக்கு மேல் உள்ள மாடி வீட்டில், நானும் என் கணவரும் பதினாறு வருடங்களாகக் குடியிருந்து வருகிறோம். மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாகவே இன்று வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் கணவருடன் காவல் நிலையத்துக்கு வந்து, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

பயிற்சி நிலையத்தின் ஸ்டோர் கீப்பரை நேற்று மாலை முதல் இங்கே விசாரணைக்காக உட்கார வைத்திருக்கிறார்கள். பெட்டியில் இருந்த கருவியை அவர் எடுக்கவில்லை. எடுத்தது நான். இதை முதலில் எழுதிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டு மற்றதை எழுதும்படி கேட்டுக்கொண்டேன். வரிசைப்படிதான் எழுத முடியும், அனுப்புவது ஆய்வாளர் முடிவு என்று சொன்னார்கள். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

என் தொழிற்சாலை என்னை ஐந்து வாரப் பயிற்சிக்கு மேற்படி நிலையத்துக்கு அனுப்பியது. தயாரான பொருளைப் பிரித்து, அதைச் செய்தவர்கள் எதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பின்னாலிருந்து படிப்பது, அதன் பிறகு அது சுலபத்தில் உடையாதபடி திருத்தி வடிவமைப்பது, இவை இரண்டும்தான் பாடம். வகுப்பில் பதினெட்டுப் பேர். எல்லோரும் வேலையில் இருப்பவர்கள். பாடம் நடத்தும் பயிற்சியாளர் என்னைவிடப் பதினொரு வயது இளையவர். எதைக் காட்டினாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவருக்கு ஏன் மேடம் என்று வகுப்பில் பெயர். முதல் நாளே ஒரு விதி சொன்னார். வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் எண் போட்டு வைத்து, திரும்பப் பூட்டும்போது அதே திருகை அதே துளையில் பூட்ட வேண்டும். "நாம திருத்துறதெல்லாம் பேப்பர்லதான். சாம்பிள்ல கை வெச்சீங்கன்னா, அப்புறம் அது அவங்க பொருளும் இல்ல, நம்ம பொருளும் இல்ல" என்றார். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.

மூன்றாவது வாரத்துக்குக் குரல் கருவி ஒன்று பாடமாக வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டவர்கள் கழுத்தில் வைத்துப் பேசும் கருவி. கைக்கு அடக்கமாக டார்ச் லைட் போல இருக்கும். அதைச் செய்யும் கம்பெனி, இன்னும் கடைக்கு வராத புது மாடலில் பன்னிரண்டைக் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு பெட்டியில், மூடியின் மேல் எண் எழுதிய ஸ்டிக்கருடன் இருந்தது. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். தினமும் காலையில் ஸ்டோர் கீப்பர் அலமாரியைத் திறந்து பெட்டிகளைக் கொடுப்பார், நாலரை மணிக்குத் திரும்ப வாங்கி இரண்டு தடவை எண்ணி, "எண்ணிட்டேன்" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டுப் பூட்டுவார். ஏழாம் எண் பெட்டி எங்கள் மேஜைக்கு உரியது.

என் கணவர் இந்தக் கருவியின் பழைய மாடலை இரண்டு வருடங்களாகப் பயன்படுத்துகிறார் என்பதை நான் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் மேஜையில் இருப்பதைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது.

என் கணவர் இருபத்திரண்டு வருடங்கள் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். இந்த ஊரில் வண்டி ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அவர் "பிரேக்!" என்று கத்தினால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நிற்கும் என்பார்கள். தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையோடு எடுத்த பிறகு ஸ்கூலை மூடிவிட்டோம். கருவியைக் கழுத்தில் வைத்துக் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் ஒரு ரீங்காரம் வரும். உதட்டை அசைத்து அதை வார்த்தையாக்க வேண்டும். கோபமும் கொஞ்சலும் ஒரே சுருதியில்தான் வரும். "நீ இனிமே என் மூஞ்சியப் பாத்துத்தான் சண்டை போடணும்" என்பார். கருவி சார்ஜில் இருக்கும் நேரத்தில் டிரைவிங் கைச் சைகையில் பேசுவார். நான் கோபப்படும்போது உள்ளங்கை கீழே பார்க்கும்படி கையை மெல்ல மெல்ல அழுத்துவார். வேகத்தைக் குறை என்று அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டில் அதிகம் புழங்குவது அந்தச் சைகைதான்.

எங்களுக்கு ஒரே மகள். வயது இருபத்தாறு, வேறு ஊரில் வேலை. வீட்டில் இன்னும் பாப்பாதான். பதினெட்டு வயதில் அப்பாவிடம் வண்டி பழக ஏறி, அவர் கத்திய கத்தலில் பாதி வழியில் இறங்கி அழுதுகொண்டே நடந்து வந்தாள். அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் பெற்ற மகளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லையே என்ற குறை அவருக்கு உண்டு. இப்போது வேலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்று யாரிடமோ பழகி, இரண்டு தடவை டெஸ்டுக்குப் போய் இரண்டு தடவையும் தோற்றாள். மூன்றாவது டெஸ்ட் போன சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு. அதற்கு முந்திய புதன்கிழமை போன் செய்து, "அப்பா, டெஸ்டுக்கு முன்னாடி கூப்புடுறேன். ஒரு தடவ நீங்க வரிசையா சொல்லுங்க. ஆனா கத்தாம சொல்லணும்" என்றாள். அவர், "இப்ப நான் கத்தணும்னு நெனச்சாலும் முடியாது பாப்பா" என்றார். அந்தப் பக்கம் அவள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். இது வழக்குக்குத் தேவையா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். இதுதான் வழக்கு என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலை அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த கருவி தரையில் விழுந்தது. பொத்தான் பக்கம் கீழே இருக்க விழுந்ததில் வேலை செய்யவில்லை. சர்வீசில் கேட்டதற்கு மூன்று வாரம் என்றார்கள். அவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "சனிக்கிழமை" என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டுக் காட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அப்போது என்னிடம் எந்த யோசனையும் இல்லை.

வெள்ளிக்கிழமை வகுப்பில் ஒன்றாம் எண் கருவியைத் திறந்து பார்த்தோம். பொத்தானின் தண்டு நேராக உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்சின் தலையில் உட்கார்ந்திருந்தது. பொத்தான் பக்கம் விழுந்தால் அடி முழுவதும் ஸ்விட்சில் இறங்கி, அதைப் பிடித்திருக்கும் சாலிடர் ஈயம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். என் வீட்டுக் கருவிக்கு என்ன ஆனது என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மதிய இடைவேளையில் உதிரிபாகக் கடைக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கிடைக்கும் என்றார்கள். டெஸ்ட் காலையில்.

அன்று மதியம் ஏன் மேடம் வேறு வேலையாக வெளியே போயிருந்தார். ஸ்டோர் கீப்பரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் இல்லை என்று சொல்லியாக வேண்டும், நல்ல மனிதர், சொல்லிவிட்டு வருத்தப்படுவார், அவரை அந்தச் சங்கடத்தில் வைக்கக் கூடாது என்று எண்ணிக் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்து இதைவிடப் பெரிய சங்கடத்தில் வைத்துவிட்டேன். ஸ்டிக்கரைப் பிய்த்து, கருவியை எடுத்து என் சாப்பாட்டு டப்பாவில் போட்டு, பெட்டி லேசாகத் தெரியக் கூடாது என்று இரண்டு பேட்டரியைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்து மூடி, ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தேன். அவர் எண்ணினார். "எண்ணிட்டேன்" என்றார். அதன் பிறகு நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மகள் கூப்பிட்டாள். என் கணவர் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சட்டை மாற்றி, தலை சீவி, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு நிமிடம் பேசினார். சீட்டை இழு, பெல்ட், கண்ணாடி மூன்றும் பார், கிளட்சை மெதுவாக விடு, அவசரப்படுகிறவர்களை முன்னால் போகவிடு என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், "ஆஃப் ஆனா ஆகட்டும் பாப்பா. வண்டிதான் நின்னுச்சு, நீ நிக்கல. திரும்ப ஸ்டார்ட் பண்ணு" என்றார். எட்டு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. புது மாடலில் குரல் கொஞ்சம் தணிவாக, மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வந்தது. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. எடுத்துவந்ததற்காக அந்த நேரத்தில் நான் வருத்தப்படவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றதால் சொல்கிறேன்.

பதினொன்று நாற்பதுக்கு மகள் மறுபடி கூப்பிட்டு, பாஸ் என்றாள். என் கணவர் துள்ளி எழுந்ததில் ஏழாம் எண் கருவி அவர் மடியிலிருந்து தரையில் விழுந்தது. பொத்தான் பக்கம்தான் விழுந்தது. அவர் எடுத்து அழுத்தினார். சத்தம் வரவில்லை. சந்தோஷமும் பயமும் ஒரே முகத்தில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். நான் அவரைத் திட்டவில்லை. அவர் காட்டுவதற்கு முன்பே நானே உள்ளங்கை கீழே பார்க்கும்படி அழுத்திக் காட்டினேன்.

சாயங்காலம் இரண்டு ஸ்விட்ச் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, வகுப்பில் சொன்னபடி எண் போட்டு, இரண்டு கருவிகளையும் திறந்தேன். பழையதிலும் புதியதிலும் பொத்தான் அமைப்பு ஒன்றே. ஸ்விட்சை மாற்றி சாலிடர் செய்தேன். அத்தோடு மூடி வைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, பின்னால் நடந்த சோதனையில் ஏழாம் எண்ணும் மற்றவை போலவே உடைந்திருக்கும், நானும் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் விழுந்தால் மறுபடி உடையும் என்று தெரிந்தே ஒன்றைப் பூட்ட என் கைக்கு வரவில்லை. பொத்தானுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் அடி ஸ்விட்சில் இறங்காமல் வெளிக்கூட்டில் பரவிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லாததால் எங்கள் பிரஷர் குக்கரின் ரப்பரை வெட்டி இரண்டு வளையம் செய்தேன். ஒன்றை என் கணவருடையதில் வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொன்றை ஏழாம் எண்ணில் வைத்தேன். பழக்கதோஷம் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் வேறு விளக்கம் இல்லை. மிச்ச ரப்பரையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதில்லை.

திங்கட்கிழமை காலை பெட்டியை வாங்கி, கருவியை உள்ளே வைத்து, பேட்டரிகளை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஸ்டோர் கீப்பர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "மேடம், ஏழாம் நம்பர் ஸ்டிக்கர் தலைகீழா ஒட்டியிருந்துச்சு. நேரா ஒட்டிட்டேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அவர் எதையாவது ஊகித்திருக்கலாம். ஊகிப்பது குற்றம் ஆகாது என்று நினைக்கிறேன். நேற்று மாலையிலிருந்து இவ்வளவு கேட்டும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை என்பதை இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நேற்று புதன்கிழமை காலை கருவிகளை மேஜை உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போட்டுப் பார்க்கும் சோதனை நடந்தது. கம்பெனியின் பிரதிநிதியும் வந்திருந்தார். இரண்டு முதல் ஆறு வரை எல்லாம் இரண்டாவது அல்லது மூன்றாவது விழுகையில் ஊமையாகின. ஏழாம் எண் இருபது தடவை விழுந்தும் பேசியது. வகுப்பே கை தட்டியது. நான் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தேன். ஏன் மேடம் வழக்கம்போல "ஏன்?" என்று கேட்டுவிட்டு அதைத் திறந்தார். கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. பிரதிநிதி, எங்கள் பொருளில் இது கிடையாது, யாரோ வெளியே கொண்டுபோய்த் திறந்திருக்கிறார்கள், கடைக்கு வராத மாடலை நகலெடுத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டார். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது.

அதன் பிறகு ஏன் மேடம் எங்கள் பதினெட்டுப் பேரையும் பார்த்து, "யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கல. ஏன் வெச்சாங்கன்னு மட்டும் யாராவது சொல்லுங்க" என்றார். நான் வாய் திறக்கவில்லை. குரல் இருந்தும் பேசாமல் இருந்தவள் நான் என்பதை எழுதிக்கொள்ளவும். என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது என்ற பயம். சாயங்காலம் பிரதிநிதியின் புகாரில் வந்த காவலர்கள் ஏழாம் எண்ணைக் கைப்பற்றி ஸ்டோர் கீப்பரை அழைத்துப் போனபோது அவர் சாவிக்கொத்தை ஏன் மேடம் கையில் கொடுத்து, "பதினொண்ணு. எண்ணிட்டேன்" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாவத்தின் பக்கம் நின்று அதைப் பார்த்தது நேற்றுதான்.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். கருவியை நான் கேட்காமல் எடுத்துவந்தது அவருக்கு அதுவரை தெரியாது. பயிற்சிக்குக் கொடுத்தது, இரவல் வாங்கினேன் என்று சொல்லியிருந்தேன். ஆகவே இதில் அவருக்குப் பங்கு இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த ஸ்டோர் கீப்பர் வீட்ல யார் காத்துட்டு இருப்பாங்க?" எனக்குத் தெரியாது என்றேன். "காலைல போலாம். ரெண்டு பேரும்" என்றார். உங்கள் கருவியிலும் அதே வளையம் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க அதையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வழக்கு முடிகிறவரை திரும்ப வராது, இன்னொன்று கிடைக்கப் பல வாரம் ஆகும் என்று சொன்னேன். கட்டைவிரல் பொத்தானில் இருந்தது. அழுத்தவில்லை. பிறகு அழுத்தி, "தெரியும்" என்றார்.

இன்று காலை அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மருந்துக்கடைக்காரரிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து கிளட்ச் தேய்கிறது என்று சொன்னார். முன்பின் தெரியாத ஒருவருக்கு வழி சொன்னார். மகளுக்குப் போன் போட்டு, கண்ணாடி பார்க்கிறாயா என்று கேட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் கேட்டதும் அவர் கருவியைத் துடைத்து மேஜையில் வைத்தார். அதைக் காகித உறையில் போடும்போது காவலர் கை தவறிக் கருவி தரையில் விழுந்தது. பொத்தான் பக்கம் கீழே இருக்க விழுந்தது. என் கணவர் குனிந்து எடுத்து, கழுத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். வேலை செய்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகு உதவி ஆய்வாளரைப் பார்த்து, "அவர வீட்டுக்கு அனுப்பிடுங்க மேடம். நான் கைல பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கருவியைத் தானே உறைக்குள் வைத்தார். இதையும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதினார்கள்.

ஏன் மேடம் கேட்ட கேள்விக்கு நான் நேற்று சொல்லாத பதில் இதுதான். விழுந்தாலும் பேச வேண்டும் என்று வைத்தேன். நகலெடுக்க வைக்கவில்லை. கம்பெனிக்கு அந்த வளையம் உதவும் என்றால் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இந்தத் தாள்கள் எனக்கு வரிவிடாமல் படித்துக் காட்டப்பட்டன. என் கணவரும் கூட இருந்து கேட்டார். வேகமாகப் படித்த ஓர் இடத்தில் அவர் உள்ளங்கை கீழே பார்க்கும்படி அழுத்திக் காட்டியதால் அந்தப் பகுதி மறுபடி மெதுவாகப் படிக்கப்பட்டது. எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

(ஒப்பம்)
உடனிருந்த சாட்சி, மேற்படியாரின் கணவர்

(ஒப்பம்)
பதிவு செய்தவர், உதவி ஆய்வாளர்